95 டிகிரியிலும் பஸ்ஸர் ஏன் கத்தவில்லை? அசெம்ப்ளியில் ‘இஃப்’ யாருக்குச் சொல்லும் கட்டளை

ஊட்டியில் டிப்ளமா படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “அண்ணா, ப்ராஜெக்ட்டுக்கு 8051 மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் டீ டிரையர் அலாரம் செய்கிறேன். வெப்பநிலையை ரேமில் 30 ஹெக்ஸ் முகவரியில் வைத்திருக்கிறேன். ‘இஃப் வெப்பம் > 90’ என்று போட்டு, அதற்குள் பஸ்ஸரை ஆன் செய்கிறேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் 95 டிகிரியிலும் பஸ்ஸர் கத்துவதில்லை. இன்னொரு சந்தேகம். காலேஜ் போர்டில் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், என்னிடம் இருக்கும் போர்டில் 11.0592. இரண்டுக்கும் தனித்தனி ஃபைல் வைத்திருக்கிறேன். கண்டிஷனல் அசெம்ப்ளி பயன்படுத்தச் சொன்னார் எங்கள் சார். அதற்கும் நான் எழுதிய இஃபுக்கும் என்ன வித்தியாசம்?”

வித்தியாசம் இல்லை தம்பி, இரண்டும் ஒன்றுதான். நீங்கள் எழுதிய இஃபே கண்டிஷனல் அசெம்ப்ளிதான். நாம் எழுதும் வரிகளைச் சிப்புக்குப் புரியும் பைட்டுகளாக மாற்றும் மென்பொருள் அசெம்ப்ளர். எந்த வரிகளை மாற்றுவது, எவற்றை விடுவது என்று அதற்கு நிபந்தனை போட்டுச் சொல்வது கண்டிஷனல் அசெம்ப்ளி. அது தேவைப்படாத இடத்தில் அதைப் போட்டுவிட்டீர்கள், தேவைப்படும் இடத்தில் ஃபைலை நகலெடுத்துவிட்டீர்கள். கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கன்ட்ரோலர் போர்டு செய்து கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். இந்த இரண்டு தவறையும் நான் செய்திருக்கிறேன், இரண்டாவதற்கு விலையும் கொடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், கணினியில் அடிக்கும்போது உங்கள் அசெம்ப்ளர் கேட்கும் எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பஸ்ஸர். உங்கள் ஃபைலின் தலையில் இப்படி ஒரு வரி இருக்கும்:

வெப்பம் ஈக்யூ 30எச்

இந்த வரிக்குப் பிறகு ‘வெப்பம்’ என்பது அசெம்ப்ளருக்கு ஓர் எண்ணின் பெயர், அவ்வளவே. 30 ஹெக்ஸ் (16ஐ அடிமானமாகக் கொண்ட எண்) என்றால் நம் வழக்கக் கணக்கில் 48. பிறகு ‘இஃப் வெப்பம் > 90’ என்ற வரிக்கு வந்ததும் அசெம்ப்ளர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, “48, 90ஐவிடப் பெரியதா?” இல்லை. உடனே இஃபை முடித்துவைக்கும் எண்டிஃப் வரைக்கும் உள்ள வரிகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு மேலே போய்விடும். சிப்பில் ஏற்றும் உங்கள் ஹெக்ஸ் ஃபைலில் பஸ்ஸருக்கான ஒரு பைட்கூடக் கிடையாது. சிப்பில் ஏறாத கட்டளையைச் சிப் எப்படிச் செய்யும்? அந்த 48 என்பது டிரையரின் சூடு அல்ல, சூட்டை எழுதி வைத்திருக்கும் பெட்டியின் கதவு எண். கதவு எண்ணை 90உடன் ஒப்பிட்டிருக்கிறீர்கள். இலக்கணப்படி வரி சரி என்பதால் அசெம்ப்ளர் பிழை காட்டவில்லை.

சூட்டைப் பார்த்து முடிவு எடுக்க வேண்டியது சிப். எனவே ஒப்பிடும் வேலையைச் சிப்பின் கட்டளைகளிலேயே எழுத வேண்டும்:

மூவ் ஏ, வெப்பம்
சிஜேஎன்இ ஏ, #91, பார்
பார்: ஜேசி அமைதி
செட்பி பஸ்ஸர்
அமைதி: (மற்ற வேலை)

மூவ், ரேமில் இருக்கும் சூட்டைச் சிப்பின் ஏ என்ற பதிவேட்டுக்குக் கொண்டுவரும். சிஜேஎன்இ ஒப்பிடும்போது, ஏயில் இருப்பது 91ஐவிடக் குறைவு என்றால் கேரி பிட் என்ற அடையாள பிட் 1 ஆகும். அதனால்தான் அடுத்த வரியில், கேரி 1 என்றால் தாவும் ஜேசி. சமமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘பார்’ என்ற இடத்துக்கே வர வேண்டும் என்பதற்காக லேபிளை அடுத்த வரியிலேயே வைத்திருக்கிறேன். இப்போது 95 டிகிரியில் பஸ்ஸர் கத்தும்.

ஆக, எந்த நிபந்தனையை எழுதும் முன்பும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்கான விடை எப்போது தெரியும்? டிரையரின் சூடு, மேஸ்திரி அழுத்திய பட்டன், வாட்டும் தொட்டியின் ஈரப்பதம் இவையெல்லாம் தொழிற்சாலையில் அந்த நிமிடத்தில்தான் தெரியும். அவை சிப்பின் வேலை. போர்டில் எந்த கிரிஸ்டல், எல்சிடி டிஸ்ப்ளேயா செவன் செக்மென்ட்டா, ரிலே எந்தப் பின்னில் இருக்கிறது, சிப்பில் இடம் 4 கேபியா 8 கேபியா, இவை நான் மேசையில் உட்கார்ந்து அசெம்பிள் செய்யும்போதே தெரிந்தவை. அவை அசெம்ப்ளரின் வேலை, இஃபின் வேலை.

நம் மலை ரயிலைப் பாருங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்தண்டவாளம் இருக்கிறது. குன்னூரைத் தாண்டினால் இல்லை. எந்தச் சரிவுக்கு அது வேண்டும் என்பது பாதை போட்ட காலத்திலேயே முடிந்துபோன முடிவு, ரயில் வந்து நின்று கேட்பதில்லை. ஆனால் குன்னூர் ஸ்டேஷனில் எந்த வண்டியை எந்த லைனில் விடுவது என்பதை அன்றன்றைக்கு பாயின்ட் மாற்றித்தான் முடிவு செய்கிறார்கள். இஃப், எல்ஸ், எண்டிஃப் பாதை போடுகிறவரின் முடிவு. சிஜேஎன்இ, ஜேசி பாயின்ட் மாற்றுகிறவரின் முடிவு.

இனி உங்கள் இரண்டாவது சங்கதி. நான் இரண்டு ஃபைல் வைத்திருந்த கதையைச் சொல்கிறேன்.

சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் ஒரு தொழிற்சாலைக்கு வாட்டல் டைமர் (தழையின் ஈரத்தைக் காற்றில் குறைக்கும் நேரத்தை அளப்பது) செய்து கொடுத்திருந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொட்டியில் தழையைப் பரப்பி ஃபேனைப் போட்டால், 12 மணி நேரம் கழித்து மணி அடிக்க வேண்டும். பழைய போர்டு 12 மெகாஹெர்ட்ஸ். பிறகு ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார்கள். சீரியலில் 9600 பாட் (நொடிக்கு 9600 பிட் அனுப்பும் வேகம்) சரியாக வர 11.0592 மெகாஹெர்ட்ஸ்தான் தோதானது, டைமர் 1இல் 253 போட்டால் துல்லியமாக விழும். 12 மெகாஹெர்ட்ஸில் அதே 253 போட்டால் ஏறத்தாழ 10417 பாட் வரும், எட்டரை சதவீதம் பிசகு, திரையில் குப்பைதான் தெரியும். அதனால் புது போர்டுக்குப் புது கிரிஸ்டல் போட்டு, பழைய ஃபைலை நகலெடுத்துத் திருத்தினேன். சில வாரம் கழித்துப் பழைய ஃபைலில் ஒரு பிழையைச் சரிசெய்தேன். அந்தப் பகுதியை அப்படியே எடுத்துப் புதியதில் ஒட்டினேன். ஒட்டிய பகுதியோடு டைமரின் இரண்டு வரிகளும் சேர்ந்து போய்விட்டன.

8051இல் கிரிஸ்டலை 12ஆல் வகுத்தால் வருவதுதான் டைமர் எண்ணும் வேகம். 12 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 10 லட்சம் எண்ணிக்கை. 50 மில்லி நொடிக்கு 50000. டைமர் மேல்நோக்கி எண்ணி 65536இல் நிரம்பும், எனவே 65536இலிருந்து அதைக் கழித்து 15536 போட வேண்டும், அதாவது மேல் பைட் 60, கீழ் பைட் 176. 11.0592இல் நொடிக்கு 921600 எண்ணிக்கை. 50 மில்லி நொடிக்கு 46080, போட வேண்டியது 19456, மேல் பைட் 76, கீழ் பைட் 0. நான் 60, 176ஐ 11.0592 போர்டில் ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு 50 மில்லி நொடியும் 54.25 ஆக நீண்டது. கேட்கச் சின்ன விஷயம். 12 மணி நேரத்தில் அது 13 மணி 1 நிமிடம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கரிடமிருந்து போன். “என்னங்க, மணி இன்னும் அடிக்கவே இல்லை, கையில புடிச்சா தழை ஓரமெல்லாம் நொறுங்குது” என்றார். இயந்திரத்தைவிட அவர் விரல்கள் சரியாகச் சொல்லின. அன்றைய ஒரு தொட்டித் தழை தரம் இறங்கியது, அதற்கு நான்தான் பொறுப்பு. அன்று சாயங்காலமே இரண்டு ஃபைலையும் ஒன்றாக்கினேன்.

ஒன்றாக்கிய பகுதி இப்படி:

கிரிஸ்டல் ஈக்யூ 11059

இஃப் கிரிஸ்டல் = 12000
டைமர்_மேல் ஈக்யூ 60
டைமர்_கீழ் ஈக்யூ 176
எல்ஸ்இஃப் கிரிஸ்டல் = 11059
டைமர்_மேல் ஈக்யூ 76
டைமர்_கீழ் ஈக்யூ 0
எல்ஸ்
இந்த கிரிஸ்டலுக்கு எண் போடவில்லை
எண்டிஃப்

இதற்குக் கீழே புரோகிராம் முழுவதும் ‘மூவ் டிஎச்0, #டைமர்_மேல்’ என்று பெயரை மட்டுமே பயன்படுத்துகிறது (டிஎச்0 என்பது டைமரின் மேல் பைட்). கிரிஸ்டலைப் பற்றிய பேச்சு இந்த ஒரே இடத்தில் முடிந்துவிட்டது. கண்டிஷனல் அசெம்ப்ளியில் நான் மிகவும் மதிக்கும் பழக்கம் இதுதான்: இஃபை மேலே ஒரு மூலையில் வைத்துப் பெயர்களைத் தீர்மானி, கீழே பெயரை மட்டும் புழங்கு. புரோகிராம் நெடுக இருபது இடத்தில் இஃப் தூவினால், ஆறு மாதம் கழித்து அதைப் படிக்கிறவர் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத் தவிப்பார்.

கடைசி எல்ஸைக் கவனித்தீர்களா? அந்த வரி அசெம்ப்ளி கட்டளையே அல்ல. யாராவது கிரிஸ்டலை 16000 என்று போட்டால் அசெம்ப்ளர் அந்த வரியில் தடுக்கி விழுந்து பிழை காட்ட வேண்டும் என்பதற்காகவே வைத்தது. மாஸ்ம் என்ற அசெம்ப்ளரில் ‘.எர்ர்’, நாஸ்ம் என்ற அசெம்ப்ளரில் ‘%எர்ரர்’, குனு அசெம்ப்ளரில் ‘.எர்ரர்’ என்று இதற்கென்றே டைரக்டிவ் (அசெம்ப்ளருக்கான கட்டளை) உண்டு. உங்கள் அசெம்ப்ளரில் இல்லாவிட்டால் இப்படிப் பொருளற்ற ஒரு வரி போதும். எல்ஸில் ஏதாவது ஒரு மதிப்பை வைத்துச் சமாளிப்பதைவிட அசெம்ப்ளர் நின்றுபோவது எவ்வளவோ மேல். அது என் மேசையிலேயே தெரிந்துவிடும், இல்லாவிட்டால் விடியற்காலையில் டீ மேக்கர் கையில்தான் தெரியும்.

கிரிஸ்டலை ஏன் 11059 என்று கிலோஹெர்ட்ஸில் எழுதினேன் என்று கேட்பீர்கள். அசெம்ப்ளர் இஃபில் முழு எண்தான் பார்க்கும், 11.0592 என்று புள்ளி வைத்து எழுத முடியாது. ஹெர்ட்ஸில் 11059200 என்று எழுதினால் 8051க்கான பல அசெம்ப்ளர்கள் 16 பிட்டில்தான் கணக்குப் போடும், 65535க்கு மேல் கொள்ளாது. அப்படியானால் டைமர் எண்ணை அசெம்ப்ளரையே கணக்கிடச் சொல்லலாமே என்றும் தோன்றும். நானும் செய்து பார்த்தேன். 11059ஐ 12ஆல் வகுத்தால் அசெம்ப்ளருக்கு 921, மிச்சத்தை விட்டுவிடும். அதை 50ஆல் பெருக்கினால் 46050. உண்மையான 46080க்கு 30 குறைவு. 12 மணி நேரத்தில் 28 நொடி முந்தும். வாட்டலுக்கு அது பரவாயில்லை, கடிகாரத்துக்கு ஆகாது. எனவே எண்ணைக் கையால் கணக்கிட்டு இஃபுக்குள் எழுதுவதே எனக்குப் பிடிக்கும்.

அடுத்து இஃப்டெஃப். ஒரு பெயர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பது அது, மதிப்பைப் பார்ப்பதில்லை. ‘சோதனை ஈக்யூ 0’ என்று எழுதி, சோதனைப் பகுதி அணைந்துவிட்டது என்று நினைப்பார்கள். ஆனால் ‘இஃப்டெஃப் சோதனை’ உண்மையாகத்தான் இருக்கும், ஏனென்றால் பெயர் இருக்கிறது. மதிப்பு பூச்சியமா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இன்னும் மோசம், பெயரில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தால் இஃப்டெஃப் சத்தமில்லாமல் எல்ஸ் பக்கம் போய்விடும். இஃபில் அதே எழுத்துப் பிழை செய்தால் பெரும்பாலான அசெம்ப்ளர்கள் தெரியாத பெயர் என்று திட்டும். அதனால் நான் எல்லா சுவிட்சையும் 1 அல்லது 0 என்று வரையறுத்து இஃபையே போடுகிறேன். ஒரே ஃபைல் இரண்டு முறை உள்ளே வராமல் தடுக்க மட்டும், பெயர் இல்லையா என்று பார்க்கும் இஃப்என்டெஃப்.

1, 0 பற்றிச் சொல்லும்போது ஒரு பழைய பள்ளம். 1970களின் சிபி/எம் என்ற இயங்குதளத்தின் பயோஸ் லிஸ்டிங்குகளைப் பார்த்தால் மேலே ‘ட்ரூ ஈக்யூ 0எஃப்எஃப்எஃப்எஃப்எச்’, ‘ஃபால்ஸ் ஈக்யூ நாட் ட்ரூ’ என்று இருக்கும். எல்லா பிட்டும் 1 என்பதைப் புரட்டினால் எல்லாம் 0, சரியாக வரும். அதைப் பார்த்து ‘ட்ரூ ஈக்யூ 1’, ‘ஃபால்ஸ் ஈக்யூ நாட் ட்ரூ’ என்று எழுதினால் நாட் ஒவ்வொரு பிட்டையும் புரட்டும், ஃபால்ஸ் 65534 ஆகிவிடும். பூச்சியம் இல்லாத எதையும் உண்மையாகக் கொள்ளும் அசெம்ப்ளரில் இரண்டு பக்கமும் உள்ளே வந்துவிடும். நேராக 1, 0 என்று எழுதிவிடுங்கள்.

இஃபில் வரும் பெயர் அதற்கு மேலேயே வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். அசெம்ப்ளர் வழக்கமாக ஃபைலை இரண்டு முறை படிக்கும். முதல் முறை லேபிள்களின் முகவரிகளைச் சேகரிக்கும், இரண்டாம் முறை பைட்டுகளை எழுதும். கீழே வரப்போகும் பெயரை இஃபில் கேட்டால் முதல் முறை விடை தெரியாது, இரண்டாம் முறை தெரியும். ஒரு முறை சேர்த்த பகுதியை மறுமுறை விட்டுவிட்டால் அதற்குக் கீழே உள்ள எல்லா முகவரியும் நகர்ந்துவிடும். இதனால்தான் முன்கூட்டிக் கேட்பதை அசெம்ப்ளர்கள் மறுக்கின்றன. மேலே கடந்துவந்ததைக் கேட்பதில் தடை இல்லை. ஏடி89சி51இல் 4096 பைட்தான் இடம். ஆர்க் (தொடங்கும் முகவரியைச் சொல்லும் கட்டளை) கொடுத்து முகவரி நிலையாக எழுதும் புரோகிராமில், கடைசி வரியில் ‘முடிவு:’ என்று லேபிள் வைத்து, அதன் கீழே ‘இஃப் முடிவு > 4096’ என்று பிழை வரியைப் போட்டு வைத்திருக்கிறேன். இடம் மீறினால் அசெம்பிள் ஆகும்போதே தெரிகிறது.

அசெம்ப்ளருக்கு அசெம்ப்ளர் பேச்சு மாறும், அதில் மூன்றை மட்டும் சொல்கிறேன். கீல் நிறுவனத்தின் ஏ51இல் டாலர் குறி போட்ட இஃப், செட், ரீசெட் கொடுத்த பெயர்களை மட்டும் பார்க்கும். டாலர் இல்லாத இஃப், ஈக்யூ போன்றவற்றால் வந்த பெயர்களை மட்டும் பார்க்கும். இதைக் கலந்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் உண்டு. மாஸ்மில் ‘இஃப்’ என்பது நாம் பேசிக்கொண்டிருக்கும் இஃப். முன்னால் ஒரு புள்ளி வைத்த ‘.இஃப்’ முற்றிலும் வேறு, அது ஒப்பிடும் கட்டளையையும் தாவும் கட்டளையையும் உருவாக்கிச் சிப்பிடமே முடிவை விடும். உங்கள் பஸ்ஸர் குழப்பத்துக்கு அப்படி ஏதாவது ஓர் உதாரணத்தைப் பார்த்ததுகூடக் காரணமாக இருக்கலாம். நாஸ்மில் ‘%இஃப்டெஃப்’ என்பது ‘%டிஃபைன்’ செய்த பெயரைத்தான் அறியும், ஈக்யூ பெயர் அதன் கண்ணில் படாது.

எதில் எழுதினாலும், வரிகளையும் அவை மாறிய பைட்டுகளையும் சேர்த்து அசெம்ப்ளர் எழுதித் தரும் லிஸ்டிங் ஃபைலைத் திறந்து பாருங்கள். பைட்டாக மாறிய வரிக்கு இடப்பக்கம் முகவரியும் ஹெக்ஸ் எண்ணும் இருக்கும். ஒதுக்கப்பட்ட வரிக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும், அல்லது வரியே காட்டப்படாது. ஏ51இல் ‘நோகாண்ட்’ போட்டிருந்தால் ஒதுக்கிய வரிகள் மறைந்துவிடும், அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். உங்கள் பஸ்ஸர் வரிக்குப் பக்கத்தில் அந்த வெறுமையைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் புரிந்திருக்கும்.

ஒன்றாக்கிய பிறகு வரும் பொறுப்பும் ஒன்று உண்டு. ஒரு மாற்றம் செய்தால் எல்லா வகையையும் அசெம்பிள் செய்ய வேண்டும். எஸ்ஜேஎம்பி என்ற குட்டித் தாவல் கட்டளை பின்னால் 128, முன்னால் 127 பைட்தான் தாவும். எல்சிடி பகுதி உள்ளே வரும் வகையில் அந்த இடைவெளி நீண்டு பிழை வரும், செவன் செக்மென்ட் வகையில் வராது. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு விட்டால் அடுத்த போர்டு கேட்டு வரும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள். மூன்று சுவிட்ச் வைத்தால் எட்டு வகை, நான்கு வைத்தால் பதினாறு. உண்மையில் இருக்கும் போர்டுகளுக்கு மேல் ஒரு சுவிட்சும் வைக்காதீர்கள். நான் ஒரு பேட்ச் ஃபைல் (பல கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) எழுதி, இருக்கும் எல்லா வகையையும் ஒரே அடியில் அசெம்பிள் செய்கிறேன். கிரிஸ்டல் எண்ணை ஹெக்ஸ் ஃபைலின் பெயரிலேயே சேர்த்துவிடுகிறேன், சிப்பில் ஏற்றும்போது கண் தப்பாது.

உங்கள் இரண்டு ஃபைலுக்கு இப்போது செய்ய வேண்டியது: இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, வேறுபடும் வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றில் கிரிஸ்டலால் வந்த வேறுபாடு எது, ஒன்றில் திருத்தி மற்றதில் திருத்த மறந்தது எது என்று பிரியுங்கள். இரண்டாவது வகையில் ஒன்றிரண்டாவது கட்டாயம் இருக்கும். அவற்றுக்கு இஃப் போடாதீர்கள், சரியானதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகைக்கு மட்டும் மேலே காட்டியபடி இஃப். பிறகு கிரிஸ்டலை 12000 என்று போட்டு ஒரு முறை, 11059 என்று போட்டு ஒரு முறை, 16000 என்று போட்டு ஒரு முறை அசெம்பிள் செய்யுங்கள். மூன்றாவதில் பிழை வர வேண்டும். வந்தால் காலேஜ் போர்டில் ஏற்றலாம்.